உச்சிமாகாளி ஒட்டிய இறக்கை

மலையாள நாட்டுத் தலைநகரை ஒட்டிய கழக்கூட்டம் என்ற ஊருக்கு மேலே, தரையிலிருந்து தொண்ணூறு மீட்டர் உயரத்தில், 2021 டிசம்பர் பன்னிரண்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு நாற்பதுக்கு ஏறிய மாடல் விமானம் ஒன்று இன்றுவரை இறங்கவில்லை. அதன் பேட்டரி பதினொரு நிமிடத்துக்கானது. இறக்கை நுனிக்கு நுனி ஆறடி, மேற்புறம் சிவப்பு, அடிப்புறம் மஞ்சள். நெடுஞ்சாலையில் பஸ்ஸுக்கு நிற்பவர்கள் தலையைத் தூக்கிப் பார்த்தால் வட்டமடிப்பது தெரியும். அது ஏன் இறங்கவில்லை என்று இந்த ஊரில் யாரும் சண்டை போட்டதில்லை. அந்த இறக்கையைச் செய்தது யார் என்பதில்தான் சண்டை. அதில் நடந்த அநியாயத்தை முறைப்படி எழுதிவைக்க இத்தனை படித்தவர்கள் உள்ள ஊரில் ஒருவரும் முன்வராததால், இங்கே எழுதவேண்டியிருக்கிறது.

விமானத்தின் சட்டகத்தைச் செய்தவன் நவநீத். அதை யாரும் மறுக்கவில்லை. தலைநகரின் பழைய கோட்டைக்குள் பிறந்த தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை, ஐடி பார்க்கில் நாற்பது பேருக்கு மேலாளர், முந்நூறு வீடுள்ள குடியிருப்பில் ஒன்பதாம் மாடி. பால்சா என்ற, தக்கையைப்போல லேசான மரத்தை வெட்டி, விலா எலும்பு மாதிரி வரிசையாக நிறுத்தி, குறுக்கே கம்பு கொடுத்து இறக்கைச் சட்டகம் செய்வதில் அவன் கை சுத்தம். அதற்கு மேல் ஒட்டவேண்டிய ஃபிலிமில்தான் அவன் பாச்சா பலிக்கவில்லை. ஒரு பக்கம் பசை உள்ள மெல்லிய பிளாஸ்டிக் தாள் அது. இளஞ்சூட்டில் ஓரங்களை ஒட்டிக்கொண்டு, பிறகு சூட்டைக் கூட்டி மேலே இஸ்திரிப் பெட்டியை ஓட்டினால் சுருங்கி, மத்தளத் தோல்போல விறைத்து நிற்கும். நிற்கவேண்டும். நவநீத் ஒட்டினால் காய்ச்சிய பாலின் ஆடைபோலச் சுருக்கம் விழுந்தது. ஒரு பக்கம் அதிகம் சுருங்கி இறக்கையே முறுக்கிக்கொண்டது. மூன்று சுருள் ஃபிலிம் இப்படிக் குப்பைக்குப் போன பிறகு, குளிர்சாதனக் காற்றுதான் காரணம் என்று முடிவுசெய்து, சின்ன இஸ்திரிப் பெட்டியையும் இறக்கையையும் தூக்கிக்கொண்டு கீழே இரண்டாம் கேட் பக்கம் வந்து, காவலாளி அறையில் மின்சாரம் எடுத்து, வெளியே ஒரு பெஞ்சில் போட்டுத் தேய்க்கத் தொடங்கினான்.

அதே கேட்டுக்கு வெளியே பதினாறு வருஷமாக இஸ்திரி வண்டி போட்டிருந்தவள் உச்சிமாகாளி. சங்கரன்கோவில் பக்கத்துக்காரி. புருஷன் வன்னியபெருமாள் விழிஞ்ஞத்தில் துறைமுகக் கட்டட வேலை, வாரத்துக்கு ஒருமுறை வருவார். முந்நூறு வீட்டுத் துணியும் அவள் கையில் புரண்டது. எந்தச் சேலை எவ்வளவு சூடு தாங்கும் என்பதைத் துணியைத் தொட்டுச் சொல்வாள். பாலியெஸ்டர் சேலையில் பெட்டி ஒரு நொடி நின்றால் போச்சு, அது சுருங்கிப் பாகாகிவிடும். அந்தச் சரக்கோடு பதினாறு வருஷம் மல்லுக்கட்டியவளுக்கு, கண்ணெதிரே ஒரு மனிதன் நட்ட நடுவில் பெட்டியை அழுத்தித் தேய்ப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

"தம்பி, என்ன செய்யுதிய? இம்புட்டுச் சூடு அது தாங்காதுல்லா."

"அக்கா, இது சேலை இல்ல, ஏரோப்ளேனாக்கும்."

"எதுவா இருந்தா என்ன, சுருங்குத சரக்குதான. நடுவுல ஒரு எடத்துல ஒட்டிக்கிட்டு ரெண்டு பக்கமும் இழுங்க. ஓரத்தைக் கெட்டியாப் புடிக்காம நடுவுல தேச்சா அது ஒங்க பேச்சைக் கேக்காது."

அவன் பெட்டியை அவள் கையில் கொடுத்தான். அன்றைக்கே அவள் எடுத்த எடுப்பில் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் ஓட்டை உருக்கினாள் என்பதையும் எழுதவேண்டும், இது ஒருதலைப்பட்சமான கணக்கு இல்லை. பெட்டியின் மேல் பழைய பனியன் துணியைச் சுற்றிக் கட்டிக்கொண்டபின் அப்படி நேரவில்லை. உருகிய இடத்துக்கு வட்டமாக ஒரு துண்டு வெட்டி வைத்து ஒட்டினாள். மாடல் விமானக்காரர்கள் எல்லாரும் ஒட்டுத்துண்டைச் சதுரமாக வெட்டுவார்கள். சதுரமாக வெட்டினால் மூலை தூக்கிக்கொள்ளும் என்பது சேலைக்கு ஒட்டுப்போட்டவளுக்குத் தெரியும். துணி வராத மத்தியானங்களில், ஒன்றிலிருந்து நாலு மணிவரை, நான்கு நாள் வேலை. முதலில் அடிப்புறம் மஞ்சள், பிறகு மேற்புறம் சிவப்பு, சிவப்பின் விளிம்பு மஞ்சளின் மேல் ஏறி உட்காரும்படி. ஒரு கட்டம் மேலே சுருக்கினால் உடனே இறக்கையைத் திருப்பி அதே கட்டத்தை அடியிலும் சுருக்கினாள், இரண்டு பக்கமும் சமமாக இழுக்கட்டும் என்று. வலது இறக்கை நுனி ஒரு சுண்டுவிரல் அளவு முறுக்கிக்கொண்டபோது, பயப்படாமல் எதிர்ப்பக்கம் முறுக்கிப் பிடித்துக்கொண்டு சூடு காட்டி நேராக்கினாள். நாலாம் நாள் முடிவில் அதில் ஈ உட்கார்ந்தால் வழுக்கியது. காவலாளி பிரஜின் விரலால் சுண்டிப் பார்த்தான், டங் என்று சத்தம் வந்தது.

இப்போது அந்த விதி. இந்த மாடல் விமானக்காரர்களுக்கு ஊரில் ஒரு க்ளப் இருக்கிறது. செயலாளர் பிச்சுமணி, ஓய்வுபெற்ற என்ஜினியர், பேச்சில் கறாரானவர். வருஷம் ஒருமுறை அவர்கள் நடத்தும் போட்டியில் யாருடைய விமானம் அதிக நேரம் மேலே நிற்கிறதோ அவருக்குக் கோப்பை. ஆனால் பறக்கவிடுகிறவன்தான் அதைச் செய்திருக்கவேண்டும், கடைசி ஆணிவரைக்கும் கடைசி அங்குல ஃபிலிம்வரைக்கும். அப்படிச் செய்தேன் என்று படிவத்தில் கையெழுத்துப் போடவேண்டும். நல்ல விதிதான். மனிதனின் கைத்திறமைக்கு மரியாதை செய்யத்தான் அதை ஏற்படுத்தினார்கள். நவநீத் அந்தப் படிவத்தில் கையெழுத்துப் போட்டான். போடுவதற்கு முந்தின நாள் உச்சிமாகாளியிடம் வந்து, "அக்கா, நீங்க ஒட்டின காரியம் ஆர்கிட்டயும் சொல்லண்டாம் கேட்டோ, சும்மா ஒரு ரூல்" என்றான். அவள் சரி என்றாள். ஒரு பையன் ஆசைப்பட்டு விளையாடுகிறான், நாலு பேரிடம் சொல்லி நமக்கு என்ன ஆகப்போகிறது என்று நினைத்துக்கொண்டாள். நல்ல மனசுக்காரர்களிடம்தான் இந்த மாதிரி ஆட்கள் வந்து கேட்கிறார்கள்.

கழக்கூட்டத்தை ஒட்டிய மேனங்குளம் பக்கத்து மைதானத்தில் அந்த ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு விமானங்கள் ஏறின. பதினொன்று இறங்கின. பேட்டரி தீர்ந்தபிறகும் நவநீதுடைய விமானம் விசிறி நின்றுபோய்ச் சத்தமில்லாமல் வட்டமடித்துக்கொண்டே இருந்தது. ஒரு மணி நேரம் எல்லாரும் கைதட்டினார்கள். மூன்று மணி நேரமானதும் வெயில் தாங்காமல் மர நிழலுக்குப் போனார்கள். மத்தியானம் பிரியாணிப் பொட்டலம் வந்தது, சாப்பிட்டார்கள், அண்ணாந்து பார்த்தார்கள், அது அங்கேயே இருந்தது. ரிமோட்டில் நவநீத் எதை அழுத்தினாலும் அது பொருட்படுத்தவில்லை. இறங்கினால்தான் நேரத்தைக் குறிக்க முடியும் என்பதால் நடுவர்கள் சற்றுக் குழம்பி, நேரம் என்ற கட்டத்தில் 'தொடர்கிறது' என்று எழுதிக் கோப்பையைக் கொடுத்துவிட்டார்கள். பித்தளைக் கோப்பை, ஒன்றரை அடி.

செவ்வாய்க்கிழமை பேப்பரில் படம் வந்தது. உச்சிமாகாளி தேய்த்த துணியைப் பழைய பேப்பரில்தான் சுற்றிக் கொடுப்பாள். வாரக் கடைசியில் அந்தத் தாள் அவள் கைக்கு வந்தபோது, நவநீத் முகத்தைக் கவனிப்பதற்கு முன்னால், அவனுக்குப் பின்னால் வானத்தில் தெரிந்த இறக்கையின் இடது நுனியில் வட்ட ஒட்டுத்துண்டைத்தான் கண்டாள். மலையாளம் படிக்கத் தெரியாதவள். பிரஜினைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னாள். பிரஜின் படித்தான். இறக்கையின் ஒவ்வொரு அங்குலத்தையும் என் சொந்தக் கையால் ஒட்டினேன், நான்கு நாள் தூங்கவில்லை, பொறுமைதான் இதன் ரகசியம் என்று நவநீத் சொல்லியிருந்தான். சொல்லாதே என்று கேட்டுக்கொண்டது ஒன்று. தூங்கவில்லை என்பது வேறு. பெட்டியை அவள் கையில் கொடுத்த பிறகு நான்கு நாளும் அவன் ஆபீஸில் இருந்தான். உச்சிமாகாளி அந்தத் தாளில் எதையும் சுற்றவில்லை. மடித்து வண்டியின் இழுப்பறையில் வைத்தாள். அன்று அவள் தேய்த்த துணியில் ஒரு குறையும் இல்லை என்று பிரஜின் சொல்கிறான்.

ஜனவரி முடிந்தும் விமானம் இறங்காததால் விமான நிலையத்திலிருந்து கேள்வி வந்தது. வடக்கேயிருந்து இறங்கும் விமானங்களுக்கு அது தொந்தரவு. ஆள் அனுப்பினார்கள், பட்டம் விட்டுப் பார்த்தார்கள், வலை கட்டிய ட்ரோன் ஏற்றினார்கள். எதனாலும் அதன் கிட்டே போக முடியவில்லை. போகிற தூரத்துக்கு அது விலகிக்கொண்டது. இனி இது கோப்பை விஷயம் இல்லை, கேஸ் விஷயம் என்று தெரிந்த அன்றைக்குத்தான் நவநீதுக்கும் பிச்சுமணிக்கும் உச்சிமாகாளியின் நினைவு வந்தது. எப்பேர்ப்பட்ட ஞாபகசக்தி. கோப்பை வாங்கும்போது எட்டிப் பார்க்காத பெயர், குற்றம் என்றதும் முழு முகவரியோடு வந்து நின்றது. இறக்கையை ஒட்டியது இரண்டாம் கேட் இஸ்திரிக்காரி, அனுபவமில்லாதவள், உள்ளே சூடான காற்று வெளியேற வழி விடவில்லை, அதனால்தான் இறங்கவில்லை என்று மார்ச் மாதம் இருவரும் எழுதிக் கொடுத்தார்கள்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, வயிறு எரிகிற நுணுக்கம். ஃபிலிம் ஒட்டினால் இறக்கையில் ஒவ்வொரு விலாவுக்கும் நடுவே காற்று அடைபடும், சூடு காட்டும்போது அது உப்பும். அது வெளியேறுவதற்காக விலாக்களில் ஊசியால் சின்ன ஓட்டை போட்டு வைப்பது வழக்கம். அதை ஒட்டுவதற்கு முன்னால் மரத்தில் போடவேண்டும். மரவேலை யார் செய்தது? நவநீத். ஓட்டை போட மறந்தது யார்? நவநீத். போகட்டும், ஓட்டை போட மறந்த விமானங்கள் உலகத்தில் ஆயிரம் இருக்கும், அத்தனையும் ஒழுங்காகத் தரைக்கு வந்துவிடுகின்றன. இதெல்லாம் எழுதிக் கொடுத்தவர்களுக்கும் தெரியும், வாங்கிக்கொண்டவர்களுக்கும் தெரியும்.

விசாரணைக்கு வரச்சொல்லி அரசாங்கத்திடமிருந்து மலையாளத்தில் அச்சடித்த நோட்டீஸ் வந்தது. பெறுநர், உச்சிமாகாளி, வன்னியபெருமாளின் மனைவி, இஸ்திரி வண்டி, இரண்டாம் கேட். கேஸ் முடிகிறவரை வண்டியை கேட்டிலிருந்து எடுக்கச் சொல்லிக் குடியிருப்போர் சங்கம் தனியாக ஒரு தாள் ஒட்டியது. அந்தத் தாளில் கையெழுத்திட்டவர்கள் அணிந்திருந்த சட்டைகள் யார் தேய்த்தவை என்று கேட்க வேண்டியதில்லை. வன்னியபெருமாள் வேலைக்கு மட்டம் போட்டுவிட்டு விழிஞ்ஞத்திலிருந்து வந்தார். அவர் விசாரித்த இடத்திலெல்லாம் ஒரே யோசனைதான் சொன்னார்கள். படிவத்தில் இருப்பது நவநீதின் கையெழுத்து, இவள் தொட்டதற்கு அவர்கள் எழுதிக் கொடுத்ததைத் தவிர வேறு சாட்சி இல்லை, நான் செய்யவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் கேஸ் அவன் தலையில் போய் விழும், வண்டி மறுநாளே கேட்டுக்குத் திரும்பும்.

"ஏட்டி, இல்லன்னு சொல்லிட்டு வந்துரு. அவனே செஞ்சேன்னு கையெழுத்துப் போட்டிருக்கான்லா, அவனே அனுபவிக்கட்டும்."

"நீங்க சொல்லுதது சரிதான்" என்றாள் உச்சிமாகாளி. அவர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு நிம்மதியாகச் சாப்பிட்டார். முப்பது வருஷம் கூட வாழ்ந்த மனிதருக்கு அது சம்மதமில்லை என்று தெரிந்திருக்க வேண்டும்.

விசாரணை ஆகஸ்டில், தலைநகரில் ஓர் அரசு அலுவலகத்தில் நடந்தது. அதிகாரி ஸ்ரீலக்ஷ்மி கோட்டைக்குள் அக்ரஹாரத்தில் வளர்ந்தவர், நேர்மையானவர் என்று பெயர். மலையாளத்தில் வாசித்துவிட்டு, அந்தப் பக்கம் நாற்காலியில் நவநீதும் பிச்சுமணியும் உட்கார்ந்திருக்க, இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தவளுக்காகத் தமிழில் ஒருமுறை சொன்னார். அந்த இறக்கையைச் செய்தது நீங்களா என்பதுதான் கேள்வி.

"நன்னா யோசிச்சுச் சொல்லுங்கோ. ஆமான்னா நான் ஆமான்னுதான் எழுதியாகணும், உங்க பெட்டியை எடுத்துப்பா, வண்டியும் அந்த எடத்துல நிக்க முடியாது. இல்லைன்னா இத்தோட முடிஞ்சுது, நீங்க வீட்டுக்குப் போகலாம்."

வன்னியபெருமாள் கதவருகே நின்று தலையை இடமும் வலமும் ஆட்டிக்கொண்டிருந்தார். உச்சிமாகாளி அவரைப் பார்த்தாள், பிறகு ஜன்னல் பக்கம் பார்த்தாள். அங்கிருந்து விமானம் தெரியாது, கழக்கூட்டம் தூரம்.

"ஓட்டை போடாதது நானில்ல, அது மரவேலை" என்றாள். "ஆனா றெக்கையை ஒட்டினது நான். மேல செவப்பு, கீழ மஞ்சள், அம்புட்டும் நான். இந்தத் தம்பிக்குச் சட்டைக் காலரு தேய்க்கத் தெரியாது, இவுகளா ஒட்டுவாக. நான்தான் செஞ்சேன்னு எழுதிக்கோங்க."

ஸ்ரீலக்ஷ்மி பேனாவை எடுத்தார். செய்தவர் என்ற இடத்தில் உச்சிமாகாளி என்று எழுதி, வாசித்துக் காட்டி, கையெழுத்து வாங்கினார். இஸ்திரிப் பெட்டியை அன்று சாயங்காலமே வந்து எடுத்துக்கொண்டு போனார்கள். ஏழு கிலோ கரிப் பெட்டி, பதினாறு வருஷத்தில் அவள் தோளின் ஒரு பக்கத்தையே இறக்கிவிட்ட பெட்டி, சாட்சிப் பொருள் என்று சீட்டுக் கட்டி எங்கேயோ ஓர் அலமாரியில் இருக்கிறது. அந்தப் பெட்டி இறக்கையைத் தொட்டதே இல்லை. தொட்டது நவநீதுடைய சின்னப் பெட்டி, அதை யாரும் கேட்கவில்லை.

சரி, அவள் செய்தது என்று அரசாங்கமே எழுதிவிட்டதே, அப்படியானால் நவநீதின் படிவம் பொய், கோப்பை திரும்ப வரவேண்டுமல்லவா? க்ளப் கூடியது. பிச்சுமணி எழுந்து, "குழந்தைக்குச் சட்டை போட்டுவிட்டவளைப் பெத்தவள்னு யாராவது சொல்லுவாளோ?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். ஃபிலிம் ஒட்டுவது விமானம் கட்டுவதில் சேராது என்று ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. ஒட்டியதால்தான் இறங்கவில்லை என்று மார்ச்சில் எழுதிக் கொடுத்த அதே கைகள் ஆகஸ்டில் இந்தத் தீர்மானத்துக்கு உயர்ந்தன. கோப்பை ஒன்பதாம் மாடியில் டிவிக்குப் பக்கத்தில் இன்றும் இருக்கிறது. வெட்கம் என்பதைச் சிலர் துணியோடு சேர்த்து இஸ்திரிக்குக் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள் போலிருக்கிறது.

உச்சிமாகாளி நகரத்தின் பழைய கடைத்தெருவான சாலை பஜாரில் வேறொரு பெட்டி வாங்கி, வண்டியை நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம், பெண்கள் ஹாஸ்டல் வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போனாள். கிழக்கே அறுநூற்று நாற்பது மீட்டர். மறுநாள் காலை விமானத்தின் வட்டமும் அறுநூற்று நாற்பது மீட்டர் கிழக்கே தள்ளியிருந்ததை விமான நிலையத்தில் அளந்து குறித்தார்கள். அடுத்த வருஷம் மேம்பால வேலைக்காக அங்கிருந்தும் எடுக்கச் சொன்னபோது அவள் தெற்கே போனாள், அதுவும் தெற்கே வந்தது. ஏப்ரல் வெயிலில் மற்றவர்களின் இறக்கைகளில் ஃபிலிம் தொய்ந்து, க்ளப் ஆட்கள் ஹேர் ட்ரையரை வைத்துக்கொண்டு திண்டாடுவார்கள். மூன்று ஏப்ரலும் இடவப்பாதி என்கிற மூன்று ஜூன் மழையும் கண்ட பிறகும் மேலே நிற்பதில் ஒரு சுருக்கம் விழவில்லை என்று பைனாகுலர் வைத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். பிச்சுமணியும் பார்த்தார். ஒன்பதாம் மாடிச் சட்டைகள் இப்போது ஆப் மூலம் எங்கேயோ போய், கையில் இரட்டை மடிப்புக் கோடு விழுந்து திரும்பி வருகின்றன.

இறங்காது என்று முடிவானதும் விமான நிலையத்தார் அதைத் தடைகளின் பட்டியலில் சேர்த்தார்கள். மலை, செல்போன் கோபுரம், புதுத் துறைமுகத்தின் கிரேன்கள் எல்லாம் அந்தப் பட்டியலில்தான் இருக்கின்றன. ஒவ்வொரு தடைக்கும் ஒரு பெயர் வேண்டும். பட்டியல் எழுதிய குமாஸ்தா விசாரணைத் தாளைப் பிரித்துப் பார்த்தார், அதில் செய்தவர் என்று ஒரே ஒரு பெயர்தான் இருந்தது, அதை எழுதிக்கொண்டார். அன்றிலிருந்து வடக்கேயிருந்து இறங்கும் ஒவ்வொரு விமானத்துக்கும், காற்றின் வேகத்தையும் ஓடுபாதையையும் சொல்கிற அதே குரலில், உச்சிமாகாளி இடது பக்கம் என்று கீழேயிருந்து சொல்கிறார்கள். உச்சிமாகாளி தெரிகிறது என்று மேலேயிருந்து பதில் வருகிறது. அதைக் கேட்ட பிறகுதான் இறங்க அனுமதி. ஒரு நாளைக்கு முப்பது நாற்பது தடவை இது நடக்கிறது.

விமான நிலையத்தில் பயணிகளின் பெட்டி ஏற்றும் வேலையில் இருக்கும் அண்ணன் மூலம் பிரஜினுக்கு இது தெரியவந்தது. டூட்டி முடிந்ததும் நேரே வண்டிக்கு வந்தான்.

"அக்கா, எல்லா ப்ளேனும் ஒங்க பேரைப் பறைஞ்சிட்டுத்தான் எறங்குதாம்."

உச்சிமாகாளி ஒரு சட்டையின் கையைத் தேய்த்து முடித்தாள்.

"சரியாச் சொல்லுதாகளா?"

"வடக்கத்திக்காரங்களுக்கு வாயில வர மாட்டேங்குதாம்."

"சொல்லச் சொல்ல வந்துரும்" என்று சட்டையைத் திருப்பிப் போட்டாள். தலைக்கு மேலே கொச்சி விமானம் ஒன்று, மஞ்சள் இறக்கைக்கு வலப்பக்கமாக ஒதுங்கி, இறங்கிப் போனது.